இடது சீட்டும் ஸ்டிக்கர் பொட்டும்

எனக்கு வயது இருபத்தொன்பது. போன வெள்ளிக்கிழமையோடு பணி ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், காத்திருக்கிறேன். இது என் முடிவு இல்லை, டாக்டரின் முடிவு. தண்டையார்பேட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஏழு வருஷம் மாஸ்டராக இருந்தேன். மாஸ்டர் உட்காருவது இடது சீட்டில். அந்தப் பக்கம் ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, மரியாதையும் பெரிதாகக் கிடையாது. ஒரே ஒரு பிரேக் மட்டும் தனியாக வைத்திருப்பார்கள். ஏழு வருஷம் அதை மிதித்ததில் என் வலது முழங்கால் மட்டும் அறுபது வயதுக்குப் போய்விட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார். காரில் மட்டும் மிதித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கும். பஸ்ஸில் போனால் பஸ்ஸின் தரையை மிதிப்பேன். கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நான்தான் வண்டியை நிறுத்துவேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியோடு குனிந்த நேரத்தில் என்னையறியாமல் ஓங்கி மிதித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் நாற்காலியோடு ஒரு அடி நகர்ந்தார்.

ஆகவே ஓய்வு. இனிமேல் ஒரு ஆபீசில் சுழலும் நாற்காலி. அதற்குச் சக்கரம் இருந்தாலும் நான் மட்டும்தான் ஓட்டுவேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாஸ்டர்கள். இப்போது ரோட்டை அகலப்படுத்தி, நடுவில் பளிச்சென்று வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். அவர்கள் அந்தக் கோட்டைக் காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். கடைசி நாள் டீ குடிக்கும்போது ஒருவன் கேட்டான்.

"கோடே இல்லாத டைம்ல வண்டிய நடுவுல ஓட்டுன்னு எப்டி மாஸ்டர் சொல்லிக் குடுத்த? எதுக்கு நடுவுல?"

நல்ல கேள்வி. நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது திருவொற்றியூர் ஹை ரோட்டில் இடது பக்கம் முழுக்க ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். நகராது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்து, சாப்பிட்டு, ஏனம் கழுவி, தூங்கி எழுந்தாலும் நகராது. வலது பக்கம் எதிரில் வரும் லாரிகள். இது இரண்டுக்கும் நடுவில் மாடும் ஷேர் ஆட்டோவும் போக மிச்சம் எது இருக்கிறதோ அதுதான் எங்கள் லேன். காலையில் பத்தடி இருக்கும், சாயந்தரம் ஏழடி இருக்கும். கார் ஐந்தடி. அதற்குள் நடுவில் போகக் கற்றுத்தர வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். எந்த வகுப்பில் தேறினேன் என்று யாரும் கேட்காத வரைக்கும் பெருமையாகச் சொல்வேன். வேலை கிடைக்கவில்லை, லைசென்ஸ் இருந்தது, சேர்ந்தேன். பயிற்சிக் காலம் ஆறு மாதம். முதல் மாதம் கார் கழுவினேன். இரண்டாவது மாதம் கிளச் என்றால் என்ன என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டேன். மிச்ச நான்கு மாதம் பின் சீட்டில் உட்கார்ந்து ஓனர் கவுஸ் பாய் பேப்பர் படிப்பதைப் பார்த்தேன்.

அதுதான் பயிற்சி. கவுஸ் பாய் இருபது வருஷம் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஸ்கூல் ஆரம்பித்தவர். யாரிடமும் சத்தம் போட மாட்டார். மாணவரை உட்கார வைப்பார், கண்ணாடியைச் சரி பண்ணுவார், "பிஸ்மில்லா, எடுங்க சார்" என்பார். அடுத்த நிமிஷம் இடது சீட்டில் செய்தித்தாளை இரண்டு கையும் அகலமாக விரித்துப் பிடித்துவிடுவார். அவர் முகம் எங்களுக்குத் தெரியாது, ரோடு அவருக்குத் தெரியாது. கார் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினால் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"சார், பஞ்சர் கடைக்காரு நம்மள கூப்டல."

வலது பக்கம் போனால்,

"சார், எதிர்ல வர்றவரு நமக்கு சொந்தம் இல்ல."

ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எப்படி பாய் என்று கேட்டேன். பேப்பரை மடிக்காமலே சொன்னார்.

"எடது காதுல கடை சத்தம், வலது காதுல லாரி சத்தம். ரெண்டும் ஒரே அளவு கேட்டுச்சுன்னா நடுவுல கீறோம். இதுக்கு இன்னாத்துக்கு கண்ணு, பி.எஸ்ஸி.?"

என் பெயர் அவருக்குத் தெரியுமா என்று கடைசி வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். எப்போதும் பி.எஸ்ஸி.தான்.

தனியாக மாஸ்டரான முதல் வாரமே நானும் பேப்பர் விரித்தேன். கிரிக்கெட் ஸ்கோர் பக்கம். இளநீர் வண்டி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றேதான். ரோட்டுக்கு நடுவில் தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். டிரைவர் உட்காருவது காரின் வலது ஓரத்தில். அவர் நடுவுக்கு வந்துவிட்டால் காரின் பெரும்பகுதி இடது பக்கம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். "நான் நடுவுலதான மாஸ்டர் போறேன்" என்று சத்தியம் பண்ணுவார்கள். உண்மைதான், அவர்கள் நடுவில்தான் போகிறார்கள். கார்தான் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அக்காமார்களைத் தேடிப் போகும்.

இதற்குக் கவுஸ் பாயிடம் இருந்தது ஒரே மருந்து. "தூரமா பாருங்க சார். கண்ணு எங்க போவுதோ வண்டி அங்க போவும்." அவ்வளவுதான். பதினைந்து நாள் கிளாஸிலும் இதையே சொல்வார். எனக்கு இது சாமியார் பேச்சு மாதிரி இருந்தது. கணிதம் படித்தவன் இல்லையா, நிரூபணம் வேண்டும்.

நிரூபணம் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் கிடைத்தது. என் தங்கை ராத்திரி கழற்றும் ஸ்டிக்கர் பொட்டையெல்லாம் கண்ணாடியில் ஒட்டி வைப்பாள். ஒரு நாள் தலை வாரும்போது ஒரு பொட்டு சரியாக என் நெற்றியில் உட்கார்ந்திருந்தது. தலையை ஒரு இஞ்ச் நகர்த்தினேன், காதுக்குப் போய்விட்டது. அப்போது பொறி தட்டியது. காரின் முன் கண்ணாடியில், கீழே, ஏறக்குறைய மத்தியில் ஒரு பொட்டு ஒட்டினால், டிரைவர் சீட்டிலிருந்து பார்க்க அது ரோட்டின் இடது ஓரத்தில் எங்கேயோ ஒரு புள்ளியில் உட்காரும். அந்தப் பொட்டு எப்போதும் இடது ஓரத்தின் மேலேயே போகிற மாதிரி ஓட்டினால் கார் நடுவில் போகும். காரைக் காலி மைதானத்தில் நிறுத்தி, சரடு கட்டி அளந்து, ஒட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இந்த முழங்கால் தாங்கியதே பெரிய விஷயம்.

ஒரே ஒரு சிக்கல். ஆளுக்கு ஆள் உயரம் வேறு, உட்காரும் விதம் வேறு. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பொட்டு, தனி நிறம். பேங்க் சாருக்குப் பச்சை, டீச்சருக்கு நீலம், ஐஸ் ஃபேக்டரிக்காரருக்கு மஞ்சள். ஒரே மாதத்தில் கண்ணாடியில் எட்டுப் பொட்டு. காலடிப்பேட்டை பக்கத்தில் டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னாபா, வண்டிக்கு அம்மை போட்டுக்கீதா? வேப்பிலை எங்க?"

கவுஸ் பாயும் பார்த்தார். "ரோட்ட பாருன்னு சொல்லிக்குடுக்க ஸ்கூல் வச்சேன். நீ பொட்ட பாருன்னு சொல்லிக் குடுத்துகினு கீற" என்றார். ஆனால் மாணவர்கள் நேராக ஓட்டினார்கள். ஆள் சேர்ந்துகொண்டே இருந்தது. அதனால் விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஏழுமலை அண்ணன் வந்து சேர்ந்தார்.

முகத்துவாரக்குப்பம். நாற்பத்தைந்து வயது. இருபத்தைந்து வருஷம் கடல், கடைசிப் பத்து வருஷம் இன்ஜின் வைத்த ஃபைபர் படகு. அந்த இன்ஜினைக் கயிறு சுற்றி இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். இழுத்து இழுத்துத் தோள்பட்டை ஜாயின்ட் கிழிந்துவிட்டது. இனிமேல் கயிறும் இழுக்கக்கூடாது, வலையும் இழுக்கக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எண்ணூரில் ஒரு கம்பெனியில் கேன்டீன் வேனுக்கு டிரைவர் தேவை என்று ஒரு இடம் இருந்தது. உள்ளூர் ஆளுக்கு முதல் வாய்ப்பு. அவர்கள் வைக்கிற டெஸ்டில் தேறவில்லையென்றால் இடம் கான்ட்ராக்டருக்குப் போய்விடும். கைவசம் இரண்டு மாதம். வேறு கம்பெனி எதுவும் நாற்பத்தைந்து வயது ஆளைத் தேடிக்கொண்டு இருக்கவில்லை.

அவரோடு அவர் மனைவி தேசம்மா அக்காவும் வந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். எல்லா கிளாஸுக்கும் பின் சீட்டில் உட்காருவேன் என்றார். அதெல்லாம் கூடாது என்றேன்.

"தோ பாரு மாஸ்டர், இந்தாளு தனியா எங்கியாச்சும் போயி இடிச்சா நான் வந்து தூக்கணும். கூடவே குந்திகினு வந்தா நடை மிச்சம்."

உட்கார்ந்தார்.

முதல் நாள் ஏழுமலை அண்ணன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். "ஒண்ணியும் இல்ல" என்று கையை முன்னால் எடுத்துக்கொண்டார். படகில் இன்ஜின் கைப்பிடி முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும், வலது பக்கம் தள்ளினால் இடது. இது எனக்கு எண்ணூர் ரோட்டில், எதிரில் ஒரு டிரெய்லர் வரும்போது தெரிந்தது. ஒதுங்குங்கண்ணே என்றேன். ஒதுங்கினார், டிரெய்லர் பக்கமாக. நான் மிதித்த மிதியில் பின் சீட்டிலிருந்து அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டார்.

"யோவ், அது அலை இல்ல, லாரி. அது மேல ஏறி அந்தாண்ட எறங்க முடியாது" என்றார் கணவரிடம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ அயுவாத மாஸ்டர். மொதோ நாளு அப்டித்தான் இர்க்கும்... எல்லாம் சரியாப் பூடும்."

நான் அழவில்லை. வியர்வை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. படகைத் திருப்பினால் அது யோசித்துத்தான் திரும்பும். ஆகவே அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து, போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் திருப்புவார். கார் உடனே திரும்புகிற ஜாதி. அதனால் மறுபக்கம் ஒடிப்பார், மறுபடி காத்திருப்பார். சாத்தாங்காடு வரைக்கும் பாம்பு மாதிரி போனோம். ஒரு ஷேர் ஆட்டோக்காரன் எங்களை எந்தப் பக்கம் முந்துவது என்று தெரியாமல் வண்டியை நிறுத்தி பீடி பற்றவைத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க கடலை மொத்தமா மறந்துடணும்" என்றேன்.

"மறக்கத்தான் மாஸ்டர் வந்துக்கீறேன்" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இப்பவும் தெனம் படகுக்குப் போறேன். கரையிலேர்ந்து தள்றப்ப ஒரு கை வெப்பேன், அவ்ளோதான். அவனுங்க போயி புடிச்சாந்து எனுக்கும் ஒரு கூறு மீனு எடுத்து வெக்கிறானுங்க. ஒரு வார்த்தை சொல்ல மாட்டானுங்க. சொன்னாக்கூட பரவால்ல."

அக்கா ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

அன்று சாயந்தரமே அவருக்கு மெரூன் நிறப் பொட்டு வைத்தேன். தேசம்மா அக்காவே தன் பொட்டு அட்டையிலிருந்து பெரிய சைஸ் ஒன்று உரித்துக் கொடுத்தார். இந்தப் பொட்டை ரோட்டின் இடது ஓரத்தில் வையுங்கள், நகரவிடாதீர்கள், வேறு எதையும் யோசிக்காதீர்கள் என்றேன்.

நடந்ததை நம்ப மாட்டீர்கள். மூன்று நாளில் பாம்பு நின்றது. ஒரு வாரத்தில் லாரி வரிசைக்கும் எதிர் வண்டிக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி போனார். பொட்டைப் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டார், இமைப்பதுகூடக் குறைவு. இடையில் லைசென்ஸும் வாங்கிவிட்டார். என் மாணவர்களிலேயே இவர்தான் முதல் என்று ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கவுஸ் பாய் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, கண்ணை மட்டும் காட்டினார்.

"அந்தக் கம்பெனி வேனுக்கு யாரு பொட்டு வச்சிக்கீறா?"

"வண்டி எல்லாம் ஒண்ணுதான் பாய். ஆள் ரெடி."

பேப்பர் மறுபடி ஏறிக்கொண்டது.

டெஸ்ட் நாளில் நாங்கள் மூன்று பேரும் காலையிலேயே கம்பெனி கேட்டில் நின்றோம். டிரான்ஸ்போர்ட் ஆபீசர் வந்தார். பரமசிவம் என்று சட்டையில் பெயர் இருந்தது. ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், பாக்கெட்டில் பேனாவுக்குப் பதில் டயர் காற்று அளக்கும் கருவி. உள்ளே அழைத்துப் போனார். ரோட்டின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் குழாய்கள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே என்ன சார் ஓடுது என்று கேட்டேன்.

"சாம்பார் இல்லை" என்றார்.

வண்டி குழாயில் உரசவே கூடாது, அதனால்தான் அந்த டெஸ்ட். கேன்டீனுக்குப் பின்னால் காலி ரோட்டில், கபடிக்குக் கோடு போடுகிற மாதிரி, சுண்ணாம்புத் தூளால் நேராக இரண்டு கோடு போட்டிருந்தார்கள். வேனின் அகலத்துக்கு மேல் பக்கத்துக்கு ஒரு சாண்தான் இடம். நீளம் நூறு அடி இருக்கும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டி நிறுத்த வேண்டும். பிறகு ஆபீசர் குனிந்து நான்கு டயரையும் விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் வெள்ளை ஒட்டினால் ஆள் தேறவில்லை.

"ரெண்டு சான்ஸ் குடுப்போம். கேள்வி எல்லாம் கேக்க மாட்டேன். டயர் சொல்றதுதான் எனக்கு" என்றார்.

வேனைச் சுற்றி வந்து பார்த்தேன். மூக்கே இல்லாத வேன். டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில், சுவர் மாதிரி, பெரிதாக. அதில் ஒரு பொட்டும் இல்லை.

ஏழுமலை அண்ணன் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்ணாடியில் எதையோ தேடினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர், பொட்டு இல்லியே."

நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா அக்கா தன் நெற்றியிலிருந்து பொட்டை உரித்து, டிரைவர் கதவு வழியாக எட்டி, கண்ணாடியில் ஒட்டிவிட்டார். டேஷ்போர்டில் பிள்ளையார் சிலை இருந்ததால் அதற்கு மேலே, நான்கு விரல் தள்ளி, கை எட்டிய இடத்தில்.

"தோ வச்சிட்டேன். போ."

அண்ணனின் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும், பொட்டு அந்த உயரத்தில் இருந்தால் பார்வை இன்னும் இடது பக்கம் தள்ளி விழும், அதை ஓரத்துக்குக் கொண்டுவர வேன் வலது பக்கம் தள்ளிப் போகும். இறங்குங்கள் என்று சொல்ல முயன்றேன். ஆபீசர் விசில் ஊதிவிட்டார்.

அண்ணன் போனதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். அவ்வளவு அழகாக, அவ்வளவு நிதானமாக, ஒரு இஞ்ச் பிசகாமல், வலது பக்கக் கோட்டின் மேலேயே போனார். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டும். நூறு அடிக்குச் சுண்ணாம்பு துடைத்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

பரமசிவம் சார் டயரைத் தடவவே இல்லை. ரோட்டைப் பார்த்தார். "பதினோரு வருஷமா இந்த டெஸ்ட் வைக்கிறேன். கோட்டு மேலயே இவ்வளவு சுத்தமா யாரும் ஓட்டினது இல்ல" என்றார். வேனுக்குள் எட்டிப் பார்த்துப் பொட்டைக் கண்டுபிடித்தார், நகத்தால் சுரண்டி எடுத்தார். "கம்பெனி வண்டியில ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது." பொட்டை அக்காவிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

கோட்டை மறுபடி போட ஆட்களைக் கூப்பிட்டார். அதற்கு இருபது நிமிஷம் ஆகும்.

ஏழுமலை அண்ணன் வேன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "பரவால்ல மாஸ்டர். நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. எனுக்குத்தான் தரை ஒத்துக்கல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை நாளும் ரோட்டைப் பார்க்க வேண்டிய மனுஷனை நான் கண்ணாடியைப் பார்க்க வைத்திருந்தேன். பொட்டை எடுத்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு விடையை மட்டும் மனப்பாடம் பண்ண வைத்த கதை. கவுஸ் பாய் கேட்டபோது எல்லா வண்டியும் ஒன்று என்று சொன்னவன் நான்தான்.

பொட்டு கூடாது, தூரமாகப் பார் என்று சொல்லலாம். ஆனால் எதைப் பார்ப்பார்? அந்த முனையில் ஒன்றுமே இல்லை, வெறும் ரோடு. கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும்.

பரமசிவம் சாரிடம் போனேன். "சார், வண்டியில எதையும் ஒட்ட மாட்டோம். அந்த முனையில நான் நிக்கலாமா?"

"எங்க?"

"கோட்டுக்குள்ள."

"வண்டிக்கு எதிர்லயா?"

"ஆமா சார். அவர் என்னைப் பாத்து வருவாரு."

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நிக்கக் கூடாதுன்னு ரூல் இல்ல. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. எழுதிக் குடுத்துட்டு நில்லுங்க."

கேன்டீன் டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: நான் என் சொந்த விருப்பத்தின் பேரில், முழு சுயநினைவுடன், கேன்டீன் வேனுக்கு எதிரில் நிற்கிறேன். எது நேர்ந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல. சாட்சி வேண்டும் என்றார். தேசம்மா அக்கா கையெழுத்துப் போட்டார்.

"இன்னாக்கா எழுதியிருக்குன்னு படிக்கலியா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ செத்தா நாங்க பொறுப்பில்லன்னு எய்திகீற. நல்ல விசயம்தான."

எங்கே நிற்பது என்பதுதான் கணக்கு. லேனின் நடுவில் நின்றால் அவர் தன்னை நடுவுக்குக் கொண்டுவருவார், வேன் இடது பக்கக் கோட்டில் ஏறும். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் வேனின் மத்தியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று என் கைக்குட்டையால் அளந்தேன். அதே அளவு அந்த முனையில், லேனின் நடுவிலிருந்து அவருடைய வலது பக்கமாகத் தள்ளி நின்றேன். மூன்று வருஷம் காலேஜில் படித்ததில் எனக்குப் பயன்பட்ட ஒரே கூட்டல் கழித்தல் அது. தப்பாகப் போட்டிருந்தால் சரிபார்க்க நான் இருக்க மாட்டேன் என்பது மட்டும் வித்தியாசம்.

"அண்ணே, கண்ணாடி, கோடு, டயர் எதையும் பாக்காதீங்க" என்று அங்கிருந்து கத்தினேன். "என் மூஞ்சிய மட்டும் பாருங்க. என் மேல ஏத்துற மாதிரி வாங்க. முடிவுல மட்டும் பிரேக் புடிங்க."

"முடிவுன்னா எது மாஸ்டர்?"

"எனக்கு முன்னாடிண்ணே. எனக்கு முன்னாடி."

"நல்லா குறி பாத்து வாய்யா" என்று அக்கா கத்தினார். "இந்த ரெண்டு மாசமா மாஸ்டர் உன்ன பேசுனத எல்லாம் நெனச்சுக்கோ."

விசில்.

வேன் கிளம்பியது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை. பொட்டை உற்றுப் பார்க்கும்போது முகம் இறுகி இருக்கும். இப்போது தளர்ந்திருந்தது. கை லேசாக, ஸ்டியரிங்கைத் திருகாமல், தொட்டுத் தொட்டுவிட்டு வந்தார். ஐம்பது அடியில் அவர் இமைத்தது தெரிந்தது. முப்பது அடியில் அவர் மீசை தெரிந்தது. நான் நகர்ந்தால் அவரும் நகர்வார், வேலை போய்விடும். நகரவில்லை. இருபது அடியில் வேன் சினிமா ஸ்கிரீன் அளவு ஆகிவிட்டது. பதினைந்தில் இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. அவர் பிரேக்கை மிதித்த சத்தம் கேட்டது. அது கேட்ட பிறகுதான் குதித்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேசம்மா அக்கா அதற்கு முன்பே என்கிறார்.

வேன் நின்றது. நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால்.

பரமசிவம் சார் வந்தார். பேன்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார். முன் இடது டயர். விரலால் மேலிருந்து கீழே தடவினார், விரலைப் பார்த்தார். பின் இடது. சுற்றி வந்தார். பின் வலது. அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டு முன் வலது டயரை இரண்டு தடவை தடவினார். ஏழுமலை அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அக்கா பொட்டில்லாத நெற்றியோடு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் நிமிர்ந்து, எங்கள் மூவருக்கும் தெரிகிற மாதிரி விரலைக் காட்டினார். கறுப்பு. வெறும் டயர் அழுக்கு.

"திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க ஏழுமலை" என்றார்.

அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்கா வேனின் பக்கவாட்டில், மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, இரண்டு தட்டு தட்டினார்.

பரமசிவம் சார் நோட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போகத் திரும்பியவர், நின்று என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குதித்த குதியில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இரண்டு காலும் பதிந்து, ஷூ கணுக்கால் வரைக்கும் வெள்ளையாக இருந்தது.

"இவருக்கு வேலை உண்டு" என்றார். "உங்களுக்கு இல்ல, மாஸ்டர்."